ஏப்ரல் 30க்கு அப்புறம்?

வந்த கடிதம் இது. கொஞ்சம் சுருக்கி, ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

"அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கு 23 வயது, ஊர் களக்காட்டுப் பக்கம், அப்பா வாழை விவசாயம். டிப்ளமோ இ.இ.இ. முடித்துவிட்டு ஒரு வருடம் சும்மா இருந்தேன். போன நவம்பர் 3-ம் தேதி இராதாபுரம் பக்கம் ஒரு காற்றாலை சைட்டில் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்தேன். பழைய சின்னக் காத்தாடிகளைக் கழற்றிவிட்டுப் பெரிய மெஷின் ஏற்றுகிற வேலை. ஆஃபர் லெட்டரில் 'ப்ராஜெக்ட் அடிப்படையில், ஏப்ரல் 30 வரை, தேவைப்பட்டால் நீட்டிக்கப்படும்' என்று இருக்கிறது. மூன்று மாதம் புரொபேஷன், அதன்பின் கன்ஃபர்ம் செய்யப்படும் என்றும் அதிலேயே போட்டிருக்கிறார்கள். நான் விலகினால் 30 நாள் நோட்டீஸ், அவர்கள் அனுப்பினால் 15 நாள். பிடித்தம் போகக் கையில் 19,800 வருகிறது. இப்போது ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று சைட் முழுக்கப் பேச்சு. கூட இருக்கிற சீனியர், 'எதையாவது கேட்டால் முதலில் உன்னைத்தான் அனுப்புவார்கள், வாயை மூடிக்கொண்டு இரு' என்கிறார். இன்னொருவர், '480 நாள் தாண்டினால் பெர்மனென்ட், எப்படியாவது ஒட்டிக்கொண்டு இரு' என்கிறார். அப்பாவோ, 'காத்துல நிக்கிற வேலை நமக்கு எதுக்குல, மாமா கடையில கணக்கு எழுதப் போ, குரூப் 4 படி' என்கிறார். தவணையில் பைக் எடுக்கலாம் என்றிருந்தேன், மாதம் 3,400 வீதம் 24 மாதம். சேரும்போது ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், இன்னும் தரவில்லை. என் வேலை நிற்குமா, நிற்காதா? இப்போதே வேறு வேலை தேடவா?"

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்த மார்க் ஷீட். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் அதைச் சொல்லியிருக்கிறீர்கள், உங்கள் வேலை போவதைவிட எனக்கு அதுதான் பெரிய கவலையாக இருக்கிறது. சேரும்போது ஒரிஜினலைக் காட்டச் சொல்வது நியாயம்தான். பார்த்துவிட்டு, நகலை வைத்துக்கொண்டு, அன்றைக்கே கையில் கொடுத்துவிட வேண்டும். பையன் பாதியில் ஓடிவிடக்கூடாது என்று ஒரிஜினலைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்கிற பழக்கம் நம் பக்கத்துச் சின்னக் கான்ட்ராக்டர்களிடம் நிறைய உண்டு. அதற்கு அவர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. சண்டைக்குப் போக வேண்டாம். பாஸ்போர்ட் எடுக்கப்போகிறேன், ஒரிஜினல் வேண்டும் என்று மெயிலில் கேளுங்கள், நிஜமாகவே பாஸ்போர்ட்டும் எடுத்துவிடுங்கள், இந்தத் தொழிலில் என்றைக்காவது உதவும். வாய்வார்த்தையாகக் கேட்காமல் மெயிலில் கேட்கச் சொல்வதற்குக் காரணம், மார்க் ஷீட் அவர்களிடம் இருக்கிறது என்பதற்கே இப்போது உங்கள் கையில் ஒரு அத்தாட்சியும் இல்லை. சைட் ஆபீஸ் கன்டெய்னரைத் தூக்கிக்கொண்டு போனபிறகு யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

நான் வக்கீல் இல்லை. பாளையங்கோட்டையில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கும் மேலாகக் கான்ட்ராக்டர்களுக்கு பிஎஃப், இஎஸ்ஐ, மஸ்டர் ரோல் என்கிற ஆள் வருகைப் பதிவேடு, லேபர் லைசென்ஸ் எல்லாம் பார்த்துக் கொடுக்கிற ஆள். உங்களுக்கு எதிர்ப்பக்கத்து மேஜை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் எடுக்கும்போது காகிதம் தயார் செய்வதும் நான்தான், அனுப்பும்போது கணக்கு முடிப்பதும் நான்தான். அந்தப் பக்கம் எப்படி யோசிப்பார்கள் என்று ஓரளவு தெரிந்துதான் எழுதுகிறேன்.

கேட்டதற்கு நேரான பதில்: இந்த ஒப்பந்தம் ஏப்ரல் 30-ல் முடியும் என்றே வைத்துக்கொண்டு காரியம் பாருங்கள். அதற்காக இன்றைக்கே வேலையை விட்டு ஓடவும் வேண்டாம்.

அந்தத் தேதியை யாரோ காலண்டரைப் பார்த்து இஷ்டத்துக்குப் போட்டதாக நினைக்காதீர்கள். மே மாதம் தென்மேற்குக் காற்று பிடித்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக செப்டம்பர் வரை நம் பக்கம் வீசித் தள்ளும். காற்றாலைக்காரருக்கு வருஷத்து வருமானத்தில் பெரும்பங்கு அந்த நாலைந்து மாதத்தில்தான். சீசனுக்கு முன்னால் மெஷின் ஓட ஆரம்பித்துவிட வேண்டும் என்பது முதலாளியின் கணக்கு, காற்று வலுத்தபிறகு கிரேனில் பிளேடைத் தூக்கவே முடியாது என்பது கான்ட்ராக்டரின் கணக்கு, இரண்டும் சேர்ந்துதான் உங்கள் லெட்டரில் ஏப்ரல் 30 என்று உட்கார்ந்திருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆடிக் காற்றில் குலையோடு சாய்ந்த வாழையை அவர் எத்தனை பார்த்திருப்பார், அந்தக் காற்று எப்போது வரும் என்று உங்கள் ப்ராஜெக்ட் மேனேஜரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

தள்ளிப்போகவும் செய்யும், அதையும் சொல்லிவிடுகிறேன். பிளேடு ஏற்றின லாரி திரும்ப வழியில்லை, நிலத்துக்காரரோடு தகராறு, லைன் இணைப்புக்கு அனுமதி வரவில்லை என்று ஏதாவது ஒன்று வந்து ஒரு மாதம், இரண்டு மாதம் நீளும். அப்போது உங்களுக்கும் நீட்டிப்புக் கடிதம் வரலாம். கடிதம் வந்தால்தான் நீட்டிப்பு, "நீ பாட்டுக்கு வாப்பா, பார்த்துக்கலாம்" என்பது நீட்டிப்பு ஆகாது. மே மாதச் சம்பளத்துக்கு ஜூலையில் அலைந்துகொண்டிருந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

கன்ஃபர்ம் என்ற சொல்லில் நீங்கள் கொஞ்சம் மயங்கியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது, உங்கள் தப்பு இல்லை. ஆறு மாத வேலைக்கு மூன்று மாதப் புரொபேஷன் என்பதே வேடிக்கை. பெர்மனென்ட் ஆளுக்கு அடிக்கிற லெட்டரை அப்படியே எடுத்து, தேதியை மட்டும் மாற்றி உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள், என் ஆபீஸிலேயே அந்தமாதிரி ஒட்டு லெட்டர்கள் கட்டுக்கட்டாக வந்திருக்கின்றன. பிப்ரவரியில் கன்ஃபர்ம் செய்தாலும் அதன் பொருள், தகுதியில்லை என்று சொல்லி இடையில் அனுப்பமாட்டார்கள் என்பதுதான். ஏப்ரல் 30 அப்படியேதான் இருக்கும்.

சரி, அந்த 480 நாள் விவகாரம். சொன்னவர் சும்மா அடித்துவிடவில்லை, அப்படி ஒரு சட்டம் நிஜமாகவே தமிழ்நாட்டில் இருக்கிறது. 1981-ல் வந்தது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி கொடுக்க வேண்டும் என்கிறது. இதை வைத்து ஜெயித்தவர்கள் உண்டு. ஆனால் அதே சட்டத்தில் கடைசிப் பக்கம் ஒரு பிரிவு இருக்கிறது, அதை டீக்கடையில் யாரும் சொல்வதில்லை: கட்டடம், பாலம், சாலை, அணை மாதிரியான கட்டுமான வேலை செய்கிற நிறுவனங்களின் தொழிலாளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அந்தக் கட்டுமானம் ஸ்ட்ரக்சுரல் ஆனாலும் மெக்கானிக்கல் ஆனாலும் எலெக்ட்ரிக்கல் ஆனாலும் சரி. நீங்கள் செய்வது எரெக்ஷன். டவர் ஏற்றுகிறீர்கள், கேபிள் இழுக்கிறீர்கள், டிரான்ஸ்பார்மர் யார்டு போடுகிறீர்கள். அந்தக் கதவு உங்களுக்கு அடைத்தே இருக்கிறது. அதை நம்பி ஒட்டிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும்.

240 நாள் என்றும் யாராவது சொல்வார்கள். அது வேறு. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸும், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும் என்று பழைய தொழில் தகராறு சட்டக் காலத்திலிருந்தே இருக்கிறது. குறிப்பிட்ட தேதிவரை என்று எழுதி எடுத்து, அந்தத் தேதியில் முடித்தால் அது ஆட்குறைப்புக் கணக்கில் வராது. தவிர, நவம்பர் 3-லிருந்து ஏப்ரல் 30 வரை விரல்விட்டு எண்ணினாலும் 179 நாள்தான்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன, நீங்கள் சேர்ந்து பதினெட்டாவது நாள். அதில் உங்களைப் போன்ற குறிப்பிட்ட காலப் பணியாளருக்கு உபயோகமானவை சில இருக்கின்றன. அதே வேலை பார்க்கிற நிரந்தர ஆளுக்கு என்ன சம்பளம், என்ன சலுகையோ அதேதான் உங்களுக்கும். கிராஜுவிட்டி வாங்க ஐந்து வருடம் காத்திருக்க வேண்டாம், ஒரு வருடம் முடித்தால் போதும். அதனால் நீட்டிப்பு வந்து நவம்பரைத் தாண்டுவீர்கள் என்றால், அந்த ஒரு வருடத்தை முடிக்கவிடாமல் நடுவில் இரண்டு மூன்று நாள் 'பிரேக்' கொடுத்துப் புது லெட்டர் அடிக்கிறார்களா என்று பாருங்கள், எங்கள் ஆட்கள் அதில் கெட்டிக்காரர்கள். வேலை முடிந்தாலோ நீங்களே விலகினாலோ பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் இப்போது சட்டம். நடைமுறையில் எத்தனை பேர் தருவார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது.

இவ்வளவு சட்டம் சொன்னாலும், நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் பார்ப்பது வேறு ஒன்று. நான் யாருடைய ஆள்?

சிரிக்காதீர்கள். நீங்கள் போடுகிற ஹெல்மெட்டிலும் ஜாக்கெட்டிலும் ஒரு பெரிய கம்பெனி பெயர் இருக்கும். கேட் பாஸில் இன்னொரு பெயர் இருக்கலாம். லெட்டர் கொடுத்தது நாகர்கோவிலிலோ கோயம்புத்தூரிலோ ஒரு மாடிப்படி ஆபீஸாக இருக்கலாம். காற்றாலை சைட்டில் மெஷின் செய்கிற கம்பெனி, அதற்குக் கீழே மெயின் கான்ட்ராக்டர், அதற்குக் கீழே சிவிலுக்கு ஒருவர், எலெக்ட்ரிக்கலுக்கு ஒருவர், ஆள் சப்ளைக்கு ஒருவர் என்று அடுக்கு இருக்கிறது, உங்கள் கடிதத்தில் நீங்கள் எந்த அடுக்கு என்றே சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை என்றால் உங்களுக்கே தெளிவில்லை என்று அர்த்தம். உமங் என்கிற அரசாங்கச் செயலியில் உங்கள் யூஏஎன் எண்ணை, அதாவது பிஎஃப்புக்கு உங்களுக்கென்று கொடுத்த எண்ணைப் போட்டு பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். எந்த நிறுவனத்தின் பெயர் வருகிறதோ அவர்தான் உங்கள் முதலாளி. நவம்பர், டிசம்பர் பணம் ஏறியிருக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும், ஒவ்வொரு மாதப் பணத்தையும் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பே ஸ்லிப்பில் பிஎஃப் பிடித்திருக்கிறது, பாஸ்புக்கில் ஏறவில்லை என்றால் ஆள் குறைப்பு வதந்தியைவிட அது மோசமான சகுனம். அந்தக் கான்ட்ராக்டர் கையில் பணம் ஓடவில்லை. அப்போது மட்டும் ஏப்ரல் வரை காத்திருக்காதீர்கள். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் மேலே இருக்கிற பிரதான கம்பெனிக்கு அந்தப் பொறுப்பு உண்டு. சம்பளப் பாக்கிக்கும் அப்படியே. பிஎஃப் அலுவலகமும் தொழிலாளர் துறை அலுவலகமும் நெல்லையிலேயே இருக்கின்றன, சென்னைக்குப் போக வேண்டிய வேலை இல்லை.

யாருடைய ஆள் என்று தெரிந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஆள் சப்ளை செய்கிறவர் பெயர் வந்தால், இந்த ஆர்டர் தீர்ந்ததும் அவருக்கு உங்களை வைத்துக்கொள்ள வழியே கிடையாது, அவர்மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. எரெக்ஷன் கான்ட்ராக்டரின் நேரடி ஆள் என்றால் அவருடைய அடுத்த சைட் எது என்பதுதான் விஷயம். அது குஜராத்தில் கட்ச் பக்கமாக இருக்கலாம், ராஜஸ்தானில் ஜெய்சல்மராக இருக்கலாம், கர்நாடகத்தில் கதக் ஆகவும் இருக்கலாம். மெஷின் கம்பெனியின் நேரடி ஆள் என்றால் உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, சைட் முடிந்ததும் ஓ அண்ட் எம் டீம். ஓட்டிப் பராமரிக்க ஆள் கொஞ்சம்தான் வேண்டும், ஆனால் வருஷக்கணக்கில் வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு மெஷின் டிரிப் ஆனால் வள்ளியூரிலிருந்து அரை மணி நேரத்தில் வருகிற உள்ளூர்ப் பையனை அவர்களுக்குப் பிடிக்கும், அதுவும் அந்த மெஷினை ஏற்றும்போதே கூட நின்றவன் என்றால். வேறு அடுக்கில் இருந்தாலும் இந்த டீமுக்கு முயற்சி செய்யலாம், கமிஷனிங் சமயத்தில், அதாவது ஏற்றின மெஷினைச் சோதித்து ஓட்ட ஆரம்பிக்கும்போது வருகிற மெஷின் கம்பெனி இன்ஜினியர்களோடு நின்று வேலை பார்த்தால்தான் அது நடக்கும்.

ஆள் குறைப்புப் பேச்சு உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டீ நேரப் பேச்சை விடுங்கள், சைட்டைப் பாருங்கள். பெரிய கிரேனைப் பிரித்து லாரியில் ஏற்றினால் எரெக்ஷன் தீர்ந்தது, அந்தக் கிரேன் ஒரு நாள் சும்மா நின்றாலும் வாடகை எகிறும் என்பதால் வேலை பாக்கி இருக்கும்வரை யாரும் அனுப்பமாட்டார்கள், வேலை முடிந்தபின் ஒரு நாள்கூட வைத்திருக்கவும் மாட்டார்கள். ஸ்டோர்காரர் திடீரென்று மிச்ச கேபிளையும் போல்ட்டையும் எண்ண ஆரம்பிப்பார். வாடகை ஜீப்பு மூன்று ஓடிய இடத்தில் ஒன்று ஓடும். ஸ்டாஃபுக்கு என்று வள்ளியூரில் எடுத்த வீடுகளில் ஒன்றைக் காலி செய்வார்கள், மெஸ்காரருக்குக் கணக்கு முடிப்பார்கள். காலை மீட்டிங்கில் இன்றைக்கு எத்தனை டவர் என்ற பேச்சு போய், பஞ்ச் லிஸ்டில், அதாவது முடிக்க வேண்டிய சில்லறை வேலைப் பட்டியலில், எத்தனை பாக்கி என்ற பேச்சு வரும். பஞ்ச் லிஸ்ட் வந்துவிட்டால் அறுபது பேர் வேலை பதினைந்து பேருக்குச் சுருங்கிவிடும். நான் பார்த்தவரையில் எச்.ஆர். வாயைத் திறப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்னாலேயே மெஸ்காரருக்குச் சேதி தெரிந்திருக்கும், அவரிடம் நல்லபடியாகப் பேசிப் பழகுங்கள்.

இந்த அடையாளம் ஒன்றும் இன்னும் தெரியவில்லை என்றால் இப்போதைய பேச்சு வெறும் பயம்தான். ஜனவரியில் எல்லா சைட்டிலும் இப்படிப் புகையும்.

அடுத்து, கேட்கலாமா வேண்டாமா. உங்கள் சீனியர் சொன்னதில் பாதி சரி. "என்னை நிறுத்திவிடுவீர்களா சார்?" என்று கேட்டால் எந்த மேனேஜருக்கும் எரிச்சல்தான் வரும், அவருக்கே அவர் நிலைமை தெரியாமல் இருக்கலாம். ஆனால் கேட்காமலே இருந்தால் பட்டியல் போடும்போது உங்கள் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது. மூன்று மாதம் முடிகிற அன்று, பிப்ரவரி முதல் வாரம், அது நல்ல சாக்கு. எச்.ஆர்.இடம் போகாதீர்கள், சைட்டில் உங்கள் டி.பி.ஆர்.-ல், அதாவது தினசரி வேலை அறிக்கையில், கையெழுத்துப் போடுகிறவரிடம் போங்கள். சாயங்காலம் அவர் தனியாக இருக்கும்போது, நின்றபடியே இரண்டே நிமிடம்: "சார், மூணு மாசம் முடிஞ்சிட்டு. ஏப்ரலுக்கு அப்புறம் அடுத்த சைட் எதுவும் வந்தா என் பேரையும் சேர்த்துக்கோங்க, வெளி மாநிலம்னாலும் வாரேன். கமிஷனிங் வேலையிலயும் நிக்கணும்னு ஆசை, அந்த டீம் வரும்போது என்னைப் போடுங்க." அவ்வளவுதான். வெளி மாநிலம் போக முடியாது என்றால் அந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள், சொல்லிவிட்டு ஏப்ரலில் 'அம்மா விட மாட்டேங்கா' என்றால் அந்த மேனேஜர் உங்களை வாழ்நாள் முழுக்கக் கூப்பிடமாட்டார். போகத் தயார் என்று மனப்பூர்வமாகச் சொல்கிற பையனுக்கு இந்தத் தொழிலில் வேலை நின்று நான் பார்த்தது குறைவு. நம் ஊர்ப் பையன்களில் பாதிப்பேர் இந்த ஒரு இடத்தில்தான் வழுக்குகிறார்கள், திருச்செந்தூர்த் திருவிழாவுக்கு வர முடியாதே என்று கட்ச் வேலையை விட்டவனை எனக்குத் தெரியும். அவனைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

இப்போது என் கதை ஒன்று. 1999-ல் நானும் உங்களை மாதிரி ஒரு ப்ராஜெக்டில்தான் ஆரம்பித்தேன், நம் மாவட்டத்தில் ஒரு ஆலை விரிவாக்கம், அதில் ஒரு கான்ட்ராக்டரிடம் டைம் கீப்பர். ஏழு மாதம். லெட்டர் என்று ஒன்றும் தரவில்லை, நானும் கேட்கவில்லை, சனிக்கிழமை சனிக்கிழமை கையில் காசு வந்தது, அது போதும் என்றிருந்தேன். பிஎஃப் பிடித்தார்கள், எங்கே கட்டினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை போனால் ஷெட் காலி. தகரத்தைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்து தூத்துக்குடியில் ஒரு வேலைக்கு நேர்காணல், "முன் அனுபவம் இருக்கு என்கிறாய், என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்கள், முழித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினால், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து என் பழைய கேட் பாஸை எடுத்து நீட்டுகிறாள், போட்டோ ஒட்டி, ஆலையின் முத்திரையோடு. என் முகம் இருக்கிற படத்தை எறிய மனசு வராமல் வைத்திருந்தாளாம். அந்த ஒரு அட்டையைக் காட்டித்தான் அந்த வேலை கிடைத்தது, இந்தத் தொழிலுக்கே அப்படித்தான் வந்து சேர்ந்தேன்.

உங்களுக்கு அம்மாவை நம்ப வேண்டிய நிலை இல்லை, போன் இருக்கிறது. ஆஃபர் லெட்டர், ஒவ்வொரு மாதப் பே ஸ்லிப், கேட் பாஸ் இரண்டு பக்கமும், பாதுகாப்புப் பயிற்சிக்கு உட்கார வைத்தால் அந்தச் சான்றிதழ், எல்லாவற்றையும் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள், கம்பெனி மெயில் கடைசி நாள் சாயங்காலமே அணைந்துவிடும். உயரத்தில் வேலை செய்ய ஜி.டபிள்யூ.ஓ. என்கிற சர்வதேசக் காற்றாலைப் பாதுகாப்புப் பயிற்சி கம்பெனி செலவில் கொடுத்தால் ஆடிப்பாடிப் போய் உட்காருங்கள், அது இரண்டு வருடம் செல்லும், பதிவு உங்கள் பெயரில்தான் இருக்கும், முதலாளி மாறினாலும் கூடவே வரும். அனுபவச் சான்றில் வெறுமனே 'பணிபுரிந்தார், நன்னடத்தை' என்று வாங்காதீர்கள். என்ன மெஷின், எத்தனை மெகாவாட், 33 கே.வி. யார்டில் என்ன செய்தீர்கள் என்று இருக்க வேண்டும். வாசகத்தை நீங்களே அடித்துக்கொண்டு போங்கள், மேனேஜருக்கும் வேலை மிச்சம், கையெழுத்துப் போட்டுவிடுவார். கடைசி நாள் வரை காத்திருக்காமல் மார்ச்சிலேயே கொடுத்துவிடுங்கள், ஏப்ரலில் அந்த மேனேஜரே வேறு சைட்டில் இருப்பார். அடுத்த இடத்தில் சேரும்போது இதே யூஏஎன்னைக் கொடுங்கள். புதுசு ஒன்று போட விட்டால் பிற்காலத்தில் இரண்டையும் ஒன்றாக்க என்னிடம் வந்து நிற்பீர்கள். நடுவில் காசு முடை என்று பிஎஃபை எடுத்துத் தின்றுவிடவும் வேண்டாம்.

நோட்டீஸ் 30-க்கு 15 என்று இருப்பது ஒரு தலைப்பட்சம்தான். சேரும்போதே கேட்டிருக்க வேண்டும், இப்போது கிளறாதீர்கள். நீட்டிப்புக் கடிதம் கொடுக்கும்போது இரண்டு பக்கமும் 15 என்று மாற்றச் சொல்லுங்கள், அந்த நேரம் அவர்களுக்கு உங்கள் தேவை இருக்கும்.

வேறு வேலை தேடலாமா என்றால், பிப்ரவரி கடைசியிலிருந்து தாராளமாகத் தேடுங்கள். அதில் துரோகம் ஒன்றுமில்லை, முடிகிற தேதியை எழுதிக் கொடுத்ததே அவர்கள்தான். இராதாபுரம், பணகுடி, ஆரல்வாய்மொழி, கயத்தாறு என்று நம்மைச் சுற்றி 1990-களில் ஏற்றின 225, 250 கிலோவாட் மெஷின்கள் எத்தனையோ வயசாகி நிற்கின்றன, பழைய காற்றாலைகளை மாற்றுவதற்கென்றே 2024-ல் தமிழக அரசு ஒரு கொள்கையும் கொண்டுவந்தது. ஒரு மெஷினைக் கழற்றி இன்னொன்றை ஏற்றின அனுபவம் உள்ள பையன் இந்தப் பக்கம் சும்மா உட்கார வேண்டியிருக்காது. கங்கைகொண்டான் சிப்காட்டில் சோலார் தொழிற்சாலை வேலைகள் இருக்கின்றன, கூடங்குளத்தில் அடுத்த உலைகளின் கட்டுமானம் நடக்கிறது. இதெல்லாமும் பெரும்பாலும் கான்ட்ராக்ட்தான், அதை மறைக்கவில்லை.

அப்பா விஷயத்துக்கு வருவோம். மாமா கடை நிலையான வேலை என்று அவர் நினைக்கிறார். மாமா கோபித்துக்கொள்ளாமல் ஒன்று கேட்டுப் பாருங்கள், கடையில் எத்தனை பேர், பிஎஃப் பிடிக்கிறார்களா, லெட்டர் உண்டா? இருபது பேருக்குக் கீழே என்றால் பிஎஃப் கட்டாயமே கிடையாது. அப்படியென்றால் உங்கள் ஏப்ரல் 30-க்கு இருக்கிற பாதுகாப்புகூட அங்கே இல்லை, மாமாவின் மனசு ஒன்றுதான் பாதுகாப்பு. தவிர இ.இ.இ. படித்துவிட்டு இரண்டு வருடம் கணக்கு எழுதினால் மூன்றாவது வருடம் உங்களை யாரும் யார்டுக்குள் விடமாட்டார்கள். குரூப் 4 படிப்பது நல்லது, படியுங்கள். பத்தாம் வகுப்புப் பாடத்தைக் காலையில் ஒரு மணி நேரம் திருப்ப இந்த வேலையை விட வேண்டியதில்லை. அப்பாவிடம், ஏப்ரல் வரை இங்கே, அதற்குள் அடுத்தது அமையாவிட்டால் மே மாதம் உட்கார்ந்து படிக்கிறேன் என்று ஒரு தேதி சொல்லிவிடுங்கள். வாழைக்காரருக்குத் தேதி சொன்னால் புரியும், கன்று வைத்த அன்றைக்கே வெட்டு எந்த மாதம் என்று கணக்குப் போடுகிறவர் அவர்.

பைக் வேண்டாம். ஆறு மாத லெட்டரை வைத்து 24 மாதக் கடன், மொத்தம் 81,600, அதில் 3 தவணை இந்த வேலையில் கட்டுவீர்கள், மிச்சம் 21-ஐ யார் கட்டுவது? வள்ளியூரில் பழைய வண்டி முப்பதாயிரத்துக்குள் பாருங்கள், அல்லது சைட் ஜீப்பு நிற்கிற இடம் வரை பஸ். அந்த 3,400-ஐ மாதாமாதம் தனியாகப் போட்டு வந்தால் மே மாதம் வேலை இல்லாவிட்டாலும் அம்மாவிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்க வேண்டியிருக்காது.

மார்க் ஷீட் கேட்டு மெயில் போட்டீர்களா என்று ஒரு வரி எழுதுங்கள். பாஸ்புக்கில் யார் பெயர் வந்தது என்பதையும்.